அம்மாவுக்கு வெள்ளை வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த மாதிரிப் படங்களும் வந்து சேர்ந்தன. அப்பாவுக்குப் பீமரத சாந்தி முடிந்த கையோடு டிசம்பர் கடைசியில் குடும்பமாக அந்தமான் போகிறீர்கள். பேரன் பேத்திகளோடு பதினோரு பேர். ஸ்வராஜ் தீவில், நாம் ஹேவ்லாக் என்று சொல்லிப் பழகிய இடத்தில், ராதாநகர் கடற்கரையில் ஒரு மாலை போட்டோ எடுக்க ஆளும் பேசியாயிற்று. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் எல்லோரும் வெள்ளை, சந்தனம், வெளிர் சாம்பல். "அப்பா பக்கத்துல இருக்கும்போது எனக்கு எதுக்குடி வெள்ளைப் புடவை?" என்று அம்மா கேட்டதோடு பேச்சு நின்றுவிட்டது. அண்ணியோ ஜவுளிக்கடையில் பார்த்த ஒரே நிறக் குடும்ப செட்டை எல்லோருக்கும் எடுத்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். அவர் மனசுக்காக மட்டும் சொல்லவில்லை. கேமராவும் அவர் பக்கம்தான்.

அந்த மாதிரிப் படங்கள் எங்கோ வெளிநாட்டுக் கடற்கரையில், வெளுத்த தோல்காரர்களை வைத்து எடுத்தவை. ராதாநகர் மணலே வெளிர் நிறம். அதன்மேல் பதினோரு பேர் வெள்ளையும் சந்தனமுமாக நின்றால் உடை எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வெள்ளைத் துணி வெளிச்சத்தை வாரித் திருப்பி அடிக்கும். துணியின் மடிப்பு தெரிய வேண்டுமென்று கேமராவில் ஒளியைக் குறைத்தால் நம் முகங்கள் இருண்டுபோகும். முகம் தெரிய வேண்டுமென்று ஒளியைக் கூட்டினால் புடவை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கு, மாம்பழ மஞ்சள், செங்கல் நிறம், கத்திரிப்பூ நிறம் எல்லாம் எடுப்பாக இருக்கும். நம் பாட்டிமார்கள் கலர் சார்ட் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளவில்லை.

கடற்கரைக்கு என்றதும் நீலம் எடுக்காதீர்கள். கடலுக்கு முன்னால் கரைந்துபோகும். பச்சையும் அப்படித்தான். ராதாநகரில் மணலை ஒட்டியே நெடிய மரங்கள் நிற்கும் காடு தொடங்கிவிடுகிறது, அதன் முன்னால் பச்சைச் சட்டைக்காரர் தலை மட்டும் மிதப்பதுபோல் தெரிவார். நெருக்கமான பொடிக் கட்டம் போட்ட சட்டை டிஜிட்டல் படத்தில் அலையலையாக நெளியும். எழுத்து அச்சடித்த டீ-ஷர்ட் யாருக்கும் வேண்டாம். பார்ப்பவர் முகத்தைப் பார்க்கும் முன் வாசகத்தைப் படித்துவிடுவார்.

இனி நேரம், உடையைவிட முக்கியம். இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே கிடக்கும் அந்தமானில் சூரியன் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் போய்விடும். நீங்கள் போகும் நாட்களில் ஐந்து மணி வாக்கிலேயே அஸ்தமனம். சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, தலை வாரி, நாலரைக்குக் கிளம்பினால் கதை முடிந்தது. மூன்றரைக்கு எல்லோரும் உடுத்தி மணலில் இருக்க வேண்டும். ராதாநகர் மேற்குப் பார்த்த கரை. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் வெளிச்சமும் பின்னால்தான். முகம் இருளும், கறுப்பு உடை ஒரே மொத்தையாகிவிடும். கறுப்புச் சட்டைதான் போடுவேன் என்கிற உங்கள் பையனை அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு இறங்கி வரச் சொல்லிப் பாருங்கள். மரங்களைப் பின்னால் வைத்துக் கடலைப் பார்த்து நின்றாலோ மாலை வெயில் நேரே முகத்தில் விழும், ஜரிகை மின்னும். போட்டோகிராபரிடம் இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். அதே தீவின் காலாபத்தர் கரை கிழக்குப் பார்த்தது. விடியலில் எழுந்திருக்கக்கூடிய குடும்பம் என்றால் அங்கே கூட்டமும் குறைவு. உங்கள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

ஜரிகை என்றதும் ஒன்று. காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு அலையில் காலை நனைக்கும் படம் அழகாகத்தான் இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் ஜரிகை கறுத்துவிடும், பட்டும் பாழ். பட்டு கட்டுபவர்கள் காய்ந்த மணலிலேயே நிற்கட்டும். தண்ணீரில் இறங்கும் படங்களுக்குச் சுங்குடியோ செட்டிநாட்டுப் பருத்தியோ போதும். கஞ்சி போட்ட புடவை அந்தக் காற்றின் ஈரத்தில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். முந்தானையைத் தோளில் மடிப்பு வைத்துக் குத்திவிடுங்கள், கடற்காற்று யார் முகத்தையாவது மறைத்துவிடும். அங்கே மணல் ஈக்கள் காலைக் கடிக்கும். குழந்தைகளுக்குக் கால்வரை மூடிய பாவாடையும் தொளதொள பேண்ட்டும் நல்லது.

இனி நீங்கள் கேட்காத ஒரு விஷயம். இந்தத் தீவுகளில் படம் எடுக்கிறவரே உடையையும் முடிவுசெய்த கதை பழையது. தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் பார்க்க 1857 இறுதியில் மருத்துவர் ஃபிரெடரிக் மௌவாட் தலைமையில் ஆங்கில அரசின் குழு ஒன்று வந்தது. கல்கத்தாவிலிருந்து ஆஸ்கார் மாலிட் என்ற புகைப்படக்காரரும் உடன் வந்தார். அந்தமானியர் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜாக் என்று பெயர் வைத்து, உடை மாட்டி, படமும் எடுத்தார்கள். உடம்புக்கு முடியாமல் போனதும் திரும்பக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற அதிகாரி, அந்தமானியரை நூற்றுக்கணக்கில் படம் எடுத்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத் தொகுதி தொகுதியாக அனுப்பினார். அவற்றில் பல, உடலை அளக்க வசதியாகக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் ஆடையில்லாமல் நிறுத்தி எடுத்தவை. ஒருவர் உடுத்தினார், இன்னொருவர் உரித்தார். நின்றவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் மாலை நேரப் படத்தோடு இதை ஒப்பிடுவது அதிகப்படிதான், தெரிகிறது. ஆனாலும் குழந்தைகளுக்கு இலையும் சிப்பியும் கட்டி 'ஆதிவாசி வேஷம்' போட்டு ஒரு படம் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாராடங் குகைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகளை வரிசையாக விடும் அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. அங்கே கேமராவையும் போனையும் பைக்குள் வைத்துவிட வேண்டும். 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்ட விதிகளை 2012-இல் இன்னும் கடுமையாக்கினார்கள். அவர்களைப் படம் எடுத்தால் சிறை. அதேபோல் கரையில் கிடக்கும் பவளத்துண்டைப் படத்துக்காகக் கையில் எடுத்துவிட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஷஹீத் தீவின் இயற்கைப் பாறை வளைவை அங்கே வங்காளிகள் ஹவுரா பாலம் என்பார்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் செத்த பவளப் பாறைகளின் மேல் நடந்துதான் போக முடியும். புடவை சரிப்படாது, வழுக்காத செருப்பு வேண்டும், அம்மா அப்பாவைக் கூட்டிப் போக வேண்டாம். ராஸ் தீவின் இடிந்த செங்கல் சுவர்களில் வேர்கள் படர்ந்திருக்கும், மஞ்சள் உடைக்கு அதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. செல்லுலார் சிறைக்கு மட்டும் உடை யோசிக்காதீர்கள். தூக்குமேடைக்குப் பத்தடி தள்ளி நின்று போஸ் கொடுக்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு ஆகவில்லை. போட்டோகிராபரை அன்றைக்கு விடுமுறையில் விடுங்கள்.

சரி, என்ன உடுத்துவது? புதிதாக எதுவும் வாங்காதீர்கள் என்பேன். நம் வீட்டு ஆல்பங்களில் வருஷத்தைச் சொல்வது புடவைதான். 'இது பெரியக்கா வளைகாப்புக்கு எடுத்தது, அப்போ நீ பிறக்கலை' என்று கணக்குப் போடுவோம். அப்படிக் கணக்குப் போட ஆல்பமே இல்லாமல் போனவர்களும் உண்டு. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினரை நிகோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மிக மோசமாகத் தாக்கிய தீவுகளில் அதுவும் ஒன்று. கடல் கொண்டுபோன வீடுகளோடு ஆல்பங்களும் போயின. ஊரில் உறவுக்காரர் வீட்டில் தப்பிய ஒரு படம் கையில் கிடைத்தால், அவர்கள் அதில் தேடுவது பழகிய புடவையைத்தான் என்று நினைக்கிறேன். கடையில் ஒரே நாளில் எடுத்த பதினோரு உருப்படிகளில் அந்தப் பழக்கம் இருக்காது.

ஆகவே அம்மாவின் பீரோவைத் திறந்து அவரையே ஒரு புடவை எடுக்கச் சொல்லுங்கள். அரக்கு உடலும் மஞ்சள் கரையுமாக ஒன்றை எடுக்கிறார் என்று வையுங்கள். மற்ற பத்துப் பேரும் அந்தப் புடவையில் இருக்கும் நிறங்களுக்குள்ளிருந்து அவரவருக்குப் பிடித்த சாயலை எடுத்துக்கொள்ளட்டும்: ஒருவர் மஞ்சள், ஒருவர் செம்மண், குழந்தைக்கு ரோஜா. ஒரே நிறம் வேண்டாம், ஒரே உறவுக்குள் இருந்தால் போதும். அப்பா மட்டும் வெள்ளை வேட்டி கட்டட்டும். மேலே நிறமுள்ள சட்டை போட்டால் வெள்ளை முகத்துக்கு அருகில் வராது. கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லா உடைகளையும் ஜன்னலோரக் கட்டிலில் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இரண்டை மாற்றுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை மாற்றுங்கள்.

அண்ணியின் செட்டையும் விட வேண்டாம், ஆசையாகச் சொல்லியிருக்கிறார். போர்ட் பிளேரில், இப்போது அரசு ஸ்ரீ விஜயபுரம் என்கிற ஊரில், வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போகும் நாளில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்கு வெளியே யாரையாவது கேட்டால் போனிலேயே ஒரு படம் எடுத்துத் தருவார்கள், தமிழிலேயே கேட்கலாம்.

படகில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். புடவைகளை மடித்து வைக்காமல் சுருட்டி வையுங்கள், பட்டை மட்டும் கைப்பையில். ஒரு டஜன் ஊக்கு, ஒரு மாற்று ஜாக்கெட். போட்டோகிராபருக்கு இன்றைக்கே செய்தி அனுப்பிவிடுங்கள்: நிறம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மூன்றரைக்கு வந்துவிடுங்கள் என்று.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்