வீட்டிலேயே பீர் தயாரிச்சா லாபமா? பாட்டில் கணக்கும், ஷீட்டில் விட்டுப்போன ஒரு வரியும்

ஹாபிக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கலாம்னு போன வீடியோவில் பேசினோம். அதைப் பார்த்துட்டு திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி எக்ஸெல் ஷீட்டோட நேரா ஆபீசுக்கே வந்துட்டார். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, கைக்கு 32,000 ரூபாய் வருது. அவர் அனுமதியோட அந்தக் கணக்கை இங்கே போடுறேன்.

பெங்களூருக்கு நண்பர்களோட போனப்போ கிராஃப்ட் பீர் குடிச்சிருக்கார். அங்கே ஒருத்தர் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் இந்த நாலும் போதும்னு விளக்கியிருக்கார். மால்ட்டில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் தருது. அவ்வளவுதான் அறிவியல். தம்பிக்கு ஆர்வம் பிடிச்சுக்கிச்சு. "அண்ணா, எமர்ஜென்சி ஃபண்டில் 60,000 இருக்கு. அதில் 37,000 எடுத்தா போதும், அப்புறம் வாழ்நாள் முழுக்க மிச்சம்தான்"னு சொன்னார்.

முதல் கணக்கு: ஒரு பாட்டில் என்ன விலை?

தம்பி போட்டது இது. 20 லிட்டர் கிட் 25,000. பழைய ஃப்ரிட்ஜ், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் சேர்த்து 12,000. ஒரு தடவை தயாரிக்கப் பொருள் செலவு 3,500. 20 லிட்டருக்கு 650 மில்லி பாட்டில் 30 வரும். 3,500-ஐ 30-ஆல் வகுத்தா பாட்டிலுக்கு 117 ரூபாய்.

தப்பு எங்கே தெரியுதா? 37,000 ரூபாய் முதலீட்டைக் காணோம்! மாசம் ஒரு தடவைன்னு 3 வருஷம், அதாவது 36 தடவை விடாம தயாரிச்சா, ஒவ்வொரு தடவைக்கும் 1,028 ரூபாய் சேரும். பாட்டில் 151 ரூபாய் ஆயிடும். ஆறே தடவையில் ஆர்வம் போயிடுச்சுன்னா? அதே பாட்டில் 322 ரூபாய். கிட்டார், கேமரா, ட்ரெட்மில் எல்லாத்துக்கும் இதே சூத்திரம்தான். வாங்குற விலையைப் பார்க்காதீங்க, எத்தனை தடவை பயன்படுத்துவோம்னு பாருங்க.

ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, ஏல் வகை பீருக்கு சுமார் 18 முதல் 22 டிகிரி வேணும். மே மாசம் எண்ணூர்ல ரூமுக்குள்ள அந்தக் குளிர் எங்கே கிடைக்கும்? அதனால ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டே இருக்கணும். நம்ம கரன்ட் பில்லில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா ஸ்லாபே மாறிடும்னு உங்களுக்குத் தெரியும். அந்த வரியும் ஷீட்டில் இல்லை.

இரண்டாவது கணக்கு: ஷீட்டில் இல்லாத பெரிய வரி

இதையெல்லாம் சரிபண்ணிடலாம். சரிபண்ண முடியாதது சட்டம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இலிருந்து இருக்கு. ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் ஆரம்பிச்சது. இன்னைக்கு டாஸ்மாக் கடை இருக்கலாம். ஆனா லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறது இப்பவும் குற்றம். "எனக்குக் குடிக்கத்தானே, விக்கலையே"ங்கிற வாதம் நிக்காது. ராயபுரத்து பழைய ஆங்கிலோ-இந்தியன் குடும்பங்கள்ல கிறிஸ்துமஸ் திராட்சை ஒயின் ஒரு வழக்கம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. வழக்கம் வேற, சட்டத்தில் விலக்கு வேற. சர்ச்சில் திருப்பலிக்கு வாங்குற ஒயினுக்கே இங்கே தனி விதிகள் இருக்கு.

"கள்ளக்குறிச்சி மாதிரி விஷமா அண்ணா இது?"ன்னு தம்பி கேட்டார். இல்லை. 2024 ஜூனில் அங்கே 60-க்கும் மேற்பட்டவங்க இறந்ததுக்குக் காரணம் மெத்தனால். மால்ட்டில் தயாரிக்கிற பீர் அப்படிப்பட்டது இல்லை. ஆனா எஃப்ஐஆர் போடும்போது அந்த வித்தியாசம் உங்களைக் காப்பாத்தாது.

இதை ரூபாயில் எப்படி எழுதுறது? தம்பிக்குத் துறைமுகத்துக்குள்ள வேலைக்குப் போகணும்னு ஆசை, பாஸ்போர்ட்டும் எடுக்கணும். ரெண்டுக்குமே போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. ஒரு கேஸ் நிலுவையில் இருந்தா என்ன ஆகும்? வக்கீல் ஃபீஸை விடுங்க, அடுத்த பத்து வருஷ சம்பள உயர்வே ஆபத்தில். லாபம் பாட்டிலுக்குச் சில ரூபாய், நஷ்டத்துக்கு எல்லையே இல்லை. இப்படிப்பட்ட டீலை ஷேர் மார்க்கெட்டில் யாராவது காட்டினா ஓடிடுவோம் இல்லையா? ஹாபின்னு பேர் வச்சா மட்டும் ஏன் ஒத்துக்கிறோம்?

மூன்றாவது கணக்கு: நண்பர்களுக்கு வித்தா?

பாட்டில் 250-க்கு 30 பாட்டில், 7,500 ரூபாய். செலவு 3,500 போக 4,000 லாபம்னு நினைப்பீங்க. வருமான வரி அப்படிப் பார்க்காது. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு. ஆனா குற்றமான காரியத்துக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது. 1961 சட்டத்தின் 37(1) பிரிவில் 1998-இல் சேர்த்த விளக்கம் இதைத்தான் சொல்லிச்சு. அதாவது 7,500 முழுசும் வருமானம். தம்பி சம்பளத்துக்கு ரிபேட்டில் வரி பூஜ்யம் ஆகலாம். 15 லட்சம் சம்பளம் வாங்குறவர் இதைப் பண்ணினா, கையில் வராத காசுக்கும் வரி கட்டணும்.

"சரி, ஆல்கஹால் இல்லாத ஜிஞ்சர் பீர்?" நல்ல கேள்வி. ரெண்டு விஷயம் கவனிங்க. உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தா அது மதுபானம். ஈஸ்ட் போட்டு நொதிக்க வச்சா அந்தக் கோட்டைச் சுலபமா தாண்டிடும், அதனால லேப் டெஸ்ட் அவசியம். அடுத்தது ஜிஎஸ்டி. சர்க்கரை சேர்த்த கேஸ் பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். காம்போசிஷன் திட்டமும் கிடையாது. 40 லட்சம் டர்ன்ஓவர் வரை மாநிலத்துக்குள்ள விக்கிறவங்களுக்குப் பதிவு கட்டாயம் இல்லைங்கிறது ஒரு ஆறுதல். ஆனா வளர்ந்த அன்னைக்கு விலை எகிறும்னு இப்பவே எழுதி வச்சுக்கோங்க.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

வேண்டாம். அமெரிக்காவில் கென் கிராஸ்மன் வீட்டில் பீர் தயாரிச்சுப் பழகினவர்தான், 1980-இல் சியரா நெவாடா கம்பெனியை ஆரம்பிச்சார். ஆனா 1978-லேயே அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க மத்திய அரசு அளவில் வழி திறந்துட்டார். இந்தியாவிலும் 2009-இல் புனேயில் டூலாலி, 2010-இல் பெங்களூரில் டாய்ட் வந்தது லைசென்ஸோடதான்.

தம்பிக்கு நான் சொன்னது மூணு. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. மாசம் 1,500 ஆர்டி போடுங்க, வருஷத்துக்கு 18,000 ஆகும். அதில் வருஷம் ரெண்டு தடவை பெங்களூர் போய், பிரூவரியில் வேலை செய்றவங்களோட பேசிக் கத்துக்கோங்க. ஆர்வம் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சா, லைசென்ஸ் இருக்கிற இடத்தில் வேலைக்கே முயற்சி பண்ணுங்க.

கிளம்பும்போது ஷீட்டில் ஒரு புது வரி சேர்த்தார்: "இது தப்பாப் போனா என்ன இழப்பேன்?" உங்க ஹாபி ஷீட்டிலும் அந்த வரியை முதல்ல எழுதுங்க. விலையெல்லாம் அதுக்கு அப்புறம்.

(இது பொதுவான விளக்கம். உங்க சொந்த விஷயத்துக்கு ஆடிட்டரையும் வக்கீலையும் கேட்டுக்கோங்க.)