உப்புத் தண்ணீர் வீட்டில் முகம் கழுவ எது நல்லது?

சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளைப் பார்ப்பதற்கு முன்பே “தண்ணி எப்படிங்க?” என்று கேட்டுவிடுவார்கள். முகத்துக்கு என்ன வாங்குவது என்று மெடிக்கல் ஷாப்பில் நிற்கும்போதும் அதே கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விளம்பரங்கள் எண்ணெய்த் தோல், வறண்ட தோல் என்று தோலைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. குழாயில் என்ன வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நம் சென்னைத் தென்புறநகரில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் பல வீடுகளின் குளியலறைக்கு வருகின்றன. அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன; இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமா என்று அறிய ஆய்வகம் போக வேண்டாம். இரண்டு காலி பாட்டில்களில், ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஒவ்வொரு துண்டு குளியல் சோப்பு போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை அடங்கி, வெள்ளைத் திரியாக ஒரு கசடு மிதக்கும். அந்தக் கசடுதான் முகத்திலும் ஒட்டுகிறது.

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. சுண்ணாம்பைச் சந்தித்ததும் அது கரையாத பொருளாக மாறித் தோலிலும் வாளியிலும் படிகிறது. முகம் கழுவித் துடைத்த பிறகும் பிசுக்கு போகாத மாதிரி இருக்கும். ‘சரியாப் போகல’ என்று மறுபடியும் சோப்பு போடுவோம். கடினத் தண்ணீர் வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான்.

சோப்பின் இரண்டாவது சிக்கல் காரத்தன்மை. நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலம், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. வழக்கமான குளியல் சோப்பு 9, 10 என்று நிற்கிறது. 2021 ஜனவரியில் செபாமெட் நிறுவனம் லக்ஸ், பியர்ஸ், டவ் கட்டிகளின் பி.எச். அளவைத் தன்னுடைய 5.5 உடன் ஒப்பிட்டு விளம்பரம் செய்தது. இந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. துணி சோப்பான ரின்னோடு ஒப்பிடுவதை மட்டும் விலக்கச் சொல்லி, விளம்பரத்தைத் தொடர நீதிமன்றம் அனுமதித்தது. பி.எச். என்ற சொல் பல வீட்டுக்கூடங்களுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அந்த அளவை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். சோப்பையோ ஃபேஸ் வாஷையோ கேன் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் அது காரம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதும் இதே வேதியியல்தான். மஞ்சளாகவே இருந்தால் முகத்துக்குப் பரிசீலிக்கலாம். ஆனால் முழுச் சான்றிதழ் ஆகாது. காரமில்லாத திரவமும் தோலைக் காயவைக்கலாம்.

அட்டையில் போட்டிருக்கும் டி.எஃப்.எம். விழுக்காட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். 76 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முதல் தர டாய்லெட் சோப்பு. அது கொழுப்பின் அளவைச் சொல்கிறதே தவிர, காரத்தைக் குறைத்துவிட்டது என்று சொல்லவில்லை.

இனி நுரைக்கும் ஃபேஸ் வாஷ். இவை பெரும்பாலும் சோப்பு அல்ல; சோடியம் லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் போன்ற செயற்கைப் பொருள்களால் நுரைப்பவை. சோப்பைப் போல் கசடு கட்டாது. அதனால் உப்புத் தண்ணீருக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. கடினத் தண்ணீரில் கழுவும்போது லாரில் சல்பேட் தோலில் அதிகமாகத் தங்கிவிடுகிறது, எரிச்சலும் கூடுகிறது. கரப்பான் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். அலசி முடித்த பிறகும் அது அங்கேயே இருந்து, தோல் செல்களுக்கு இடையில் ஈரத்தைக் கட்டிவைத்திருக்கும் கொழுப்பைக் கரைக்கிறது. கழுவிய கொஞ்ச நேரத்தில் முகம் ‘இழுக்குது’ என்கிறோமே, அது அழுக்கு போன அடையாளம் அல்ல, அந்தக் கொழுப்பு போன அடையாளம்.

நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அழுக்கையும் எண்ணெயையும் சூழ்ந்து எடுத்துப் போவது கழுவும் பொருளின் மூலக்கூறுகள்; நுரை நம் கண்ணுக்கான ஆறுதல். ஜி.எஸ்.டி. சாலைத் தூசியில் வண்டி ஓட்டி வருகிறவருக்கு அந்த ஆறுதல் பெரிதாகத் தெரிவது எனக்குப் புரிகிறது. ஆனால் தூசி வெறும் தண்ணீரிலேயே பெரும்பாலும் போய்விடும். எண்ணெயும் சன்ஸ்கிரீனும்தான் போகாது.

மென்மையான க்ளென்சரில் மூன்று வகை இருக்கின்றன. முதலாவது சிண்டெட் கட்டி. பார்க்கச் சோப்பு மாதிரி இருக்கும், ஆனால் சோப்பு அல்ல. 1957இல் அமெரிக்காவில் வந்த டவ் கட்டி இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்ற பொருள் பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் அது சிண்டெட். உப்புத் தண்ணீரிலும் கசடு கட்டாது, நீண்ட நாள் வரும், குடும்பம் முழுக்கப் பயன்படுத்தலாம். பணம் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதைத்தான். ஈரத்தில் கிடந்தால் கரைந்துவிடும் என்பதால் ஓட்டையுள்ள சோப்புப் பெட்டி வாங்குங்கள்.

இரண்டாவது நுரையே இல்லாத லோஷன் வகை. 1947இல் டெக்சாஸில் பிறந்த செட்டாஃபில் இதில் பழையது. இதன் பெரிய வசதி, தண்ணீர் இல்லாமலே தடவித் துணியால் துடைத்துவிடலாம். ஏரிகள் வறண்ட 2019 கோடையை நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல. வறண்ட தோல், ஐம்பது தாண்டிய தோல், ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் நாள் முழுக்க ஏ.சி.யில் காயும் தோல், பரு மாத்திரையும் ரெட்டினாய்டு களிம்பும் போடுகிறவர்கள் ஆகியோருக்கு இதுவே முதல் தேர்வு. ஆனால் நம் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் இருபது வயதுக்காரருக்குப் பிசுபிசுப்பாகத் தோன்றும், இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிடுவார்.

அவருக்கு மூன்றாவது வகை, இலேசாக நுரைக்கும் ஜெல். டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு, கோகாமிடோபுரோபைல் பீட்டெயின் என்ற பெயர்கள் இருக்கும். பரு இருந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்ததை நாளுக்கு ஒருமுறை போடலாம். பருவுக்காக நான்கு முறை தேய்த்துக் கழுவுவதால் பரு குறையாது. காலை, மாலை, அதிகம் வியர்த்த பின் ஒருமுறை, அவ்வளவே.

பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. லாரில் சல்பேட் என்ற பெயரைக் கண்டதும் வைத்துவிட வேண்டாம். செட்டாஃபிலின் பழைய கலவையிலேயே அது கொஞ்சம் இருந்தது. கூடவே இருந்த செட்டில் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்கள் அதன் கடுமையைத் தணித்தன. அளவு அதிகமான பொருள் முன்னால் வரும் என்பதால், தண்ணீருக்கு அடுத்தபடியே சல்பேட் நிற்கிறதா என்று பாருங்கள். ‘நேச்சுரல்’, ‘ஹெர்பல்’, வேப்பிலைப் படம் எதுவும் இந்த வரிசையை மாற்றாது.

பயத்தம் மாவை விட்டுவிட்டால் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு நியாயம் செய்ததாகாது. அது காரமில்லை, எண்ணெயை உறிஞ்சும், கசடு கட்டாது. மில்லில் நைசாக அரைத்து மெல்லிய துணியில் சலித்ததாக இருக்க வேண்டும். கொரகொரப்பு இருந்தால் பரு முகத்தைக் கீறும். தேய்க்காமல் குழைத்துத் தடவி அலசுங்கள். குழைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கஸ்தூரி மஞ்சளும் ரோஜா இதழும் சேர்க்கலாம், எலுமிச்சைச் சாறு வேண்டாம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுக்கும். சன்ஸ்கிரீன் போடுகிற நாளில் மாவு மட்டும் போதாது.

எதை வாங்கினாலும் அலசும் தண்ணீரைக் கவனியுங்கள். கடைசி ஒரு மக் மட்டும் மெட்ரோ தண்ணீரோ, பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ, கேன் தண்ணீரோ இருந்தால் நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் முகத்துக்கு எடுக்காதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கும். குழாயில் மாட்டும் சிறு ஃபில்டர்கள் பெரும்பாலும் கடினத்தன்மையை நீக்குவதில்லை. பெரிய சாஃப்ட்னர் நீக்கும், ஆனால் தோலுக்காக மட்டும் அவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்பது என் சந்தேகம். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளிடம் சாஃப்ட்னர் வைத்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில் நோய் கூடுதலாகக் குறையவில்லை. அந்தப் பணத்தில் நல்ல க்ளென்சரும், ஈரம் காயும் முன் தடவ ஒரு மாய்ஸ்சரைசரும் வாங்கிவிடலாம்.

எந்த மென்மையான பொருளைப் போட்டாலும் முகம் எரிந்து சிவக்கிறது என்றால் க்ளென்சரைக் குறை சொல்லும் முன், சீட்டு இல்லாமல் வாங்கிப் பல மாதம் தடவிய ‘சிவப்பழகு’ களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர் இருந்தால், திடீரென்று நிறுத்தாமல், அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.