‘எப்படி இருக்கு சார்?’

கேள்வி: நீர்வண்ண ஓவியம் பழகி வருகிறேன். அனுபவமுள்ள ஓவியர்களிடம் ஆலோசனை கேட்க ஆசை. தொந்தரவு என்று நினைப்பார்களோ?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, ‘எப்படி இருக்கு சார்?’ என்றால் ‘நல்லா இருக்கும்மா’ என்பதற்கு மேல் பதில் வராது. அவர்மேல் தப்பில்லை. ‘வானத்துக்கு நீலம் பூசினால், காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிய திட்டு விழுகிறது, ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் அதிகமுள்ள தூரிகையை வைத்திருப்பீங்க. ஈர மினுமினுப்பு அடங்கிட்டா, முழுக்கக் காயும்வரை தொடாதீங்க’ என்று உடனே சொல்லிவிடுவார்.

முடிந்தால் நேரில் போங்கள். ஃபோன் கேமரா நிறத்தை மாற்றிவிடும். கெட்டுப்போன படங்களையும் கொண்டுபோங்கள், அவற்றில்தான் பேச விஷயம் இருக்கும். சென்னைக்கு வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. முதலில் படங்களை நிதானமாகப் பாருங்கள், பிறகு பேச்சுக் கொடுக்கலாம்.

ஓவியர்கள் சொல்வதெல்லாம் பிடிக்கும் என்றில்லை. வான்கோவுக்கு நீர்வண்ணம் பழக்கியவர் உறவினரான அன்டன் மாவ். பிளாஸ்டர் உருவங்களைப் பார்த்து வரையச் சொன்னதும் வான்கோ கொதித்துப்போய் அவற்றை உடைத்தே போட்டார்! 1882-இல் அந்த உறவும் முறிந்தது. நீங்களோ, ஓவியர் சொன்னதை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, புதுப் படத்தோடு மறுபடி போய் நில்லுங்கள். வகுப்பு எடுப்பவரானால் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.