ஏலக்காட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஏலத் தோட்ட வேலை. டாக்டராகாமல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?
– ஒரு வாசகி, உடும்பஞ்சோலை

பதில்: தாராளமாக. அதற்கு உங்கள் கேரளத்திலேயே சாட்சி உண்டு.

1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாய்ப்புற்று ஆய்வு ஒன்று தொடங்கியது. மண்டலப் புற்றுநோய் மையமும் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் கைகோத்தன, முன்னின்றவர் ஆர். சங்கரநாராயணன். வீடுவீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வெள்ளைத் திட்டு எது, சிவப்புத் திட்டு எது, ஆறாத புண் எது என்று பிரித்தறியப் பழகியிருந்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: இந்தப் பரிசோதனை நடந்த இடங்களில் புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவு. வெற்றிலை-புகையிலை போடும் தோட்டத்து ஆட்களை அறிந்தவருக்கு இதன் அருமை புரியும்.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1984-இல் தொடங்கிய உயர்சிறப்புப் படிப்புகள் மருத்துவர்களுக்கானவை. உங்கள் பாதை வேறு. எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வுதவித்தொகை பெற்றால், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பே, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பழகலாம்.

வழிகாட்டியின் பெயரைவிட முக்கியம், அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. சேருமுன் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.