முகத்தில் தெரியும் துளைகள்: எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது



எங்கள் மருத்துவ முகாம்களில் தோல் மருத்துவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று இது: "மூக்கிலும் கன்னத்திலும் குழி குழியாகத் தெரியுது, மூடுறதுக்கு என்ன போடலாம்?" கேட்பது பெரும்பாலும் பிள்ளை அல்ல, பக்கத்தில் நிற்கும் உம்மா. வீட்டில் நிக்காஹ் பேச்சு தொடங்கியிருக்கும். இளைஞர்களும் கேட்கிறார்கள், எல்லோரும் போன பிறகு மெதுவாக. இதைச் சின்ன விஷயம் என்று நாம் தள்ளிவிட முடியவில்லை. கவலையைவிட, அந்தக் கவலைக்காக வீட்டுக்குள் வந்து சேரும் க்ரீம்கள்தான் பெரிய கேடு செய்கின்றன.

அழகு நிலையங்களில் 'ஓபன் போர்ஸ்' என்று சொல்லப்படும் இந்தத் துளைகள் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய முடிவேரின் வாய். அதன் உள்ளே எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. தோலை வறண்டு வெடிக்காமல் காப்பதே அந்த எண்ணெய்தான். துளையைச் சுற்றித் திறந்து மூடும் தசை எதுவும் இல்லை. ஆகவே ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் தேய்த்தால் மூடும் என்பது சரியல்ல. ஐஸ் வைத்தால் தோல் சற்று இறுகிக் கொஞ்ச நேரம் வேறு மாதிரித் தெரியும், அவ்வளவே. துளையின் அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. உம்மாவின் மூக்கையோ வாப்பாவின் மூக்கையோ கண்ணாடியில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எண்ணெய் அதிகம் சுரக்கும் வயதில் துளைகள் எடுப்பாகத் தெரியும். வயது ஏறி, பல ஆண்டு வெயிலில் தோலின் இறுக்கம் தளரும்போதும் அப்படியே.

துளைகளை முழுவதும் மூடித் தருகிறேன் என்று எந்த க்ரீம் சொன்னாலும் அதை நம்ப வேண்டாம். தெரிவதைக் குறைக்கலாம். அதற்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும்.

மூக்கில் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் பலரையும் வருத்துகின்றன. அது அழுக்கு அல்ல. எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேர்ந்து துளைக்குள் நிற்பது. பட்டை ஒட்டிப் பிடுங்கினால் அன்றைக்குப் போகும், சில வாரங்களில் மீண்டும் நிரம்பும். நகத்தால் அழுத்திப் பிதுக்குவதால் வரும் தழும்புதான் நிரந்தரம். பருக்கள் ஆறிய இடத்தில் விழுந்த குழிகள் வேறு வகை. அவற்றுக்கு மருத்துவர்தான் வழி சொல்ல வேண்டும்.

வீட்டுக் கை மருந்துகளில் எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை மூன்றையும் முகத்திற்குக் கொண்டு வராதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருந்திட்டு விழலாம். முல்தானி மட்டி எண்ணெயை உறிஞ்சும், துளையைச் சுருக்காது. எண்ணெய் வடியும் முகத்திற்கு எப்போதாவது போடுவதில் தவறில்லை, வறண்ட முகத்திற்கு வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. நாம் ஐவேளை ஒளு செய்கிறோம். வெறும் தண்ணீரில் முகம் கழுவுவதால் தோலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சில பிள்ளைகள் ஒவ்வொரு ஒளுவுக்கும் ஃபேஸ் வாஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். தோல் காய்ந்து எரிந்து சிவக்கிறது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். எண்ணெய்ப் பசை அதிகமுள்ளவர்கள் இரவில் மட்டும் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை உள்ளதைப் பயன்படுத்தலாம். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்குங்கள்.

வெயிலில் போகும் முன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் பூசுவது, துளைகள் மேலும் தளராமல் காக்கும். நீர் படாமல் தடுக்கும் படலமாகத் தோலில் நிற்கும் எதையும் நீக்கிவிட்டே ஒளு செய்ய வேண்டும் என்பது நம் ஆலிம்கள் சொல்லும் சட்டம். ஆகவே லுஹருக்குக் கழுவி, தொழுதுவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம். சன்ஸ்க்ரீனை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, அதன்மேல் இறுக்கமாக ஹிஜாப் கட்டும் பிள்ளைகளுக்கு நெற்றி ஓரத்தில் பொரிப் பொரியாக வருவதுண்டு. எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுங்கள். முகத்திரை அணிபவர்கள் பருத்தித் துணியைத் தேர்ந்து தினமும் துவைத்துப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் குறையாவிட்டால் மருத்துவர் அடாபலீன் போன்ற இரவு மருந்து எழுதித் தரலாம். இஷா முடிந்து முகம் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முகத்தில் எண்ணெயோடு மீசை, தாடி போல முடி வளர்ந்து, மாதவிலக்கும் தவறுகிறதென்றால் அது முகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த க்ரீம்களுக்கு வருவோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தே நாளில் பளபளன்னு ஆயிட்டா" என்று மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் டியூப்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூஸினோலோன் என்ற பெயர்களைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வீக்கத்தை அடக்குகிறது. அதனால் முதல் சில நாள் முகம் வெளுத்து வழுவழுப்பாகத் தெரிவது உண்மைதான். மாதக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவும் ரோமமும் முளைக்கின்றன. நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே பூசுவார்கள். இப்படித்தான் ஒரு டியூப் ஐந்து ஆண்டுப் பழக்கமாகிறது. பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் ஆணையிட்டது. கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது வேறு கதை.

சபுரில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டு வரும் க்ரீம்களிலும் கவனம் வேண்டும். உட்பொருள் பட்டியலோ, தயாரித்தவர் முகவரியோ, தொகுப்பு எண்ணோ இல்லாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போகும்போது முகத்தைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல், அந்த வீட்டில் எத்தனை டியூப்களை வாங்க வைக்கிறது என்பதை அவர்கள் அறிவதில்லை. பெரிய மனுசிகள் இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

ஏற்கெனவே இப்படி ஒரு க்ரீமை மாதக் கணக்கில் போட்டு வருபவர்கள் பயந்து திடீரென விட்டுவிடவும் வேண்டாம், வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. போகும்போது அந்த டியூபையும் அதன் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலியான டியூபாக இருந்தாலும் பரவாயில்லை, மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.