விட மறுக்கும் புரோமின்

புரோமோபென்சீனிலுள்ள புரோமினை நீக்கிப் பென்சீன் பெறுவதற்காக, அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலுடன் நெடுநேரம் கொதிக்க வைத்தும் பயனில்லை. என் பிழை என்ன?
— கல்லூரி மாணவர் ஒருவர்

தங்கள் கைப்பிழை ஏதுமில்லை. புரோமினுடைய பிடிவாதமே காரணம். ஈதைல் புரோமைடு போன்ற பதார்த்தங்களில் க்ஷாரத்தைக் கண்டதும் எளிதாக விடைபெறும் அந்த அணு, பென்சீன் வளையத்தோடு நேராகப் பிணையுண்டிருக்கும்போது, தன் எலெக்ட்ரான்களை வளையத்துடன் ஓரளவு பகிர்ந்து பிணைப்பை உறுதியாக்கிக் கொள்வதாலும், பின்புறத்திலிருந்து க்ஷாரம் அணுகும் வழியை அவ்வளையமே மறித்து நிற்பதாலும், சாதாரணக் கொதிப்புக்கெல்லாம் அசைந்து கொடுப்பதில்லை. கடும் உஷ்ணத்திலும் பேரழுத்தத்திலும் அது இணங்கினாலும் தங்களுக்குக் கிட்டுவது பீனால், பென்சீன் அன்று.

ஆகையால், 1900-இல் பிரெஞ்சு ரசாயனி விக்தோர் கிரின்யார் காட்டிய மார்க்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ஈரம் லவலேசமும் இல்லாத ஈதரில் மக்னீஷியச் சீவல்களை இட்டு, வினை தொடங்கத் தயங்கினால் ஓர் அயோடின் துணுக்கைச் சேர்த்து, புரோமோபென்சீனைத் துளித்துளியாக விட்டு, உலோகம் பெரும்பாலும் கரைந்தபின் பனிக்கட்டியில் குளிரவைத்து நீர்த்த அமிலத்தை மெல்லச் சேர்ப்பீர்களானால், புரோமின் இருந்த ஸ்தானத்தில் ஹைட்ரஜன் வந்தமரும். (அமிலத்துக்குப் பதில் கனநீரை விட்டால் அவ்விடத்தில் டியூட்டீரியம் குடியேறும், இம்முறையின் தனி அழகு அது.) ஈதர் 35 டிகிரியிலும், பென்சீன் 80 டிகிரியிலும், மிஞ்சிய புரோமோபென்சீன் 156 டிகிரியிலும் கொதிப்பதால் வடித்துப் பிரிப்பது சுலபம்.

ஈதர் இருக்கும் அறையில் மட்டும் ஸ்பிரிட் விளக்கை ஏற்றாதீர்கள். அதன் ஆவி மேஜையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள தீயையும் பற்றிக்கொள்ளும். சூடுபடுத்த வெந்நீர்த் தொட்டியே போதும்.