இசை ஆவணப்படம்: நாமே தொகுப்போம்

நுழையும்முன்

ஊர்தோறும் இசைக்கலைஞர்கள் வாழ்கின்றனர். கோயில் வாசலில் நாகசுரம் ஒலிக்கிறது. திருவிழாவில் பறை முழங்குகிறது. கொடை விழாவில் வில்லுப்பாட்டு நிகழ்கிறது. இவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்வோர் பலர்; பதிவு செய்தவற்றைப் பொருள்படத் தொகுப்போர் சிலரே. படத்தொகுப்பு பெருநகரப் பயிற்சிக் கூடங்களுக்கு மட்டும் உரியதன்று. பொறுமையும் கூர்ந்து கேட்கும் செவியும் உடைய எவரும் அதனைத் தாமே கற்கலாம்.

தொகுத்தல் என்பது தெரிவு செய்தல்

படம் எடுத்தல் சேர்த்தல் ஆகும்; தொகுத்தல் விலக்குதல் ஆகும். ‘உலகம் சுற்றிய தமிழன்’ எனப் போற்றப்படும் ஏ.கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940ஆம் ஆண்டு வெளியிட்டார். பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்துவைத்திருந்த ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருள்களை அவர் திரட்டினார். அவற்றிலிருந்து 12,000 அடி நீளப் படத்தை உருவாக்கினார். திரட்டியவற்றில் கால் பங்கே படமாயிற்று. எஞ்சியவை பயனற்றவை அல்ல. சொல்ல வந்த செய்திக்குத் தேவைப்படாதவை.

எனவே, படத்தைத் தொடங்குமுன் ‘இப்படம் எதைச் சொல்லப்போகிறது?’ என்னும் வினாவுக்கு ஒரே தொடரில் விடை எழுதிக்கொள்ளுங்கள். ‘எங்கள் ஊர் நாகசுரக் கலைஞரின் ஒருநாள்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘விடியற்காலைப் பயிற்சியை ஐம்பது ஆண்டுகளாக விடாத ஒருவர்’ என்பதே படத்தின் கரு. எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்பதை அக்கருவே முடிவு செய்யும்.

கருவியும் பயிற்சியும்

கேடன்லைவ், ஷாட்கட், ஓப்பன்ஷாட் முதலிய படத்தொகுப்பு மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. காட்சித்துண்டுகளை இடமிருந்து வலமாக அடுக்கும் காலக்கோடு ஒன்று இருக்கும். அதில் காட்சிக்கும் ஒலிக்கும் தனித்தனித் தடங்கள் அமைந்திருக்கும். வெட்டுதல், நகர்த்துதல், ஒலியைக் கூட்டுதல், குறைத்தல் ஆகிய நான்கையும் அறிந்தாலே ஒரு படத்தைத் தொகுத்துவிடலாம். மென்பொருளின் எல்லா வசதிகளையும் கற்றபின் தொடங்கலாம் எனக் காத்திருப்பவர் தொடங்குவதே இல்லை. தேவை எழும்போது அதற்குரிய வசதியைக் கற்பதே சிறந்த முறை.

நல்ல ஆவணப்படம் ஒன்றின் ஐந்து நிமிடப் பகுதியை மூன்றுமுறை ஆராய்வதும் பயன்தரும். முதன்முறை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சி மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம்முறை கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாம்முறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காட்சி மாறிய பின்னும் பழைய ஒலி தொடர்வதையும், அடுத்த காட்சியின் ஒலி முன்னதாகவே நுழைவதையும் அப்போது உணர்வீர்கள்.

செவிக்கே முதலிடம்

மற்றப் படங்களில் காட்சிக்கேற்ப ஒலியை அமைக்கலாம். இசை ஆவணப்படத்தில் ஒலிக்கேற்பவே காட்சியை அமைத்தல் வேண்டும். ஆதி தாளத்தில் அமைந்த ஓர் உருப்படியை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு நொடி எனக் கொண்டால், எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் எட்டு நொடியில் நிறைவுறும். அதனைச் சரியாக ஒரு நிமிடத்தில் வெட்டினால், எட்டாம் ஆவர்த்தனத்தின் நடுவே தாளம் அறுபடும். இசை அறியாதவரும் அங்கே ஏதோ இடறுவதை உணர்வர். 56ஆம் நொடியிலோ 64ஆம் நொடியிலோ வெட்டினால் ஆவர்த்தனம் நிறைவுபெறும். பாடலின் எடுப்பு தாளத்தின் தொடக்கத்தில் அமையாமலும் இருக்கலாம். ஆதலால், நிறுத்துமிடத்தைக் கலைஞரிடமே கேட்டறிவது நன்று.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஓர் உருப்படி முழுவதையும் ஒரே ஒலிப்பதிவாகப் பதிவு செய்து, அதனைக் காலக்கோட்டில் அடித்தளமாக விரித்துவிடுங்கள். அதனை வெட்டாமல், அதன்மேல் காட்சிகளை மட்டும் மாற்றுங்கள். நாகசுரத்தின் துளைகளில் அசையும் விரல்கள், சீவாளியைப் பற்றிய உதடுகள், தவில்காரரின் விரற்கூடுகள், தாளம் போடும் முதியவரின் கை எனக் காட்சிகள் மாறிக்கொண்டிருக்க, இசை அறுபடாமல் ஓடும்.

இரண்டு மூன்று கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் பதிவு செய்வோர், தொடக்கத்தில் அனைத்தும் இயங்கத் தொடங்கியபின் ஒருமுறை பலமாகக் கைதட்டுதல் வேண்டும். ஒலியலை வரைபடத்தில் அத்தட்டல் கூரிய முனையாகத் தெரியும். அம்முனைகளை நேர்படுத்தினால் பதிவுகள் யாவும் ஒன்றிவிடும். நொடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட படத்தில் ஒரு சட்டகம் நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. சில சட்டகங்கள் பிசகினாலும் தவிலில் விழும் அடியும் அதன் ஓசையும் பிரிந்து தோன்றும். நாகசுரமும் தவிலும் ஓங்கி ஒலிப்பவை. ஆகையால் ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி வைத்து, முன்னதாகவே சோதித்துக்கொள்க. பதிவின்போதே சிதைந்த ஒலியைத் தொகுப்பில் முழுமையாகச் சீர்செய்ய இயலாது.

தெரிந்து தெளிவோம்

பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதியைப் பற்றி, இயக்குநர் சத்யஜித் ராய் 1976ஆம் ஆண்டு ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் இப்படத்தில், அவர் கடற்கரையில் ஆடும் பகுதி புகழ்பெற்றது.

வெட்டுவோரின் பொறுப்பு

ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தின் காட்சியை உணவு, சவப்பெட்டி எனப் பல காட்சிகளோடு மாற்றி மாற்றி இணைத்தார். பார்த்தவர்கள் அம்முகத்தில் ஒருமுறை பசியையும் மறுமுறை துயரத்தையும் கண்டனர். முகம் மாறவில்லை, அடுத்து வந்த காட்சியே அதன் பொருளை மாற்றியது.

இவ்வாற்றல் நம் கையில் இருக்கும்போது எச்சரிக்கை தேவை. ஒரு கலைஞர், “என் மகன் இதைக் கற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை” என்று கூறுகிறார். சற்று இடைவெளிவிட்டு, “அவனாக வந்தால் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தருவேன்” என்கிறார். முதல் தொடரோடு வெட்டிச் சோக இசையைச் சேர்த்தால், கலையைக் கைவிட்ட ஒருவராக அவர் காட்சியளிப்பார். அவர் சொன்ன சொல்லைத்தான் காட்டினோம். ஆயினும் அவர் சொன்னதைக் காட்டவில்லை. அந்த இடைவெளியையும் வெட்டலாகாது. அவர் எண்ணிப்பார்த்த நேரம் அது.

எனவே, பதிவுக்கு முன் கலைஞரின் இசைவைப் பெறுங்கள். படத்தை எங்கே வெளியிடப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். தொகுத்து முடித்தபின் முதலில் அவருக்கே காட்டுங்கள். ‘நான் சொன்னது இதுவன்று’ என அவர் கூறினால் திருத்துங்கள். இசை அவருடையது, வாழ்க்கையும் அவருடையது. அவற்றைச் சிதைவின்றிப் பிறரிடம் கொண்டுசேர்ப்பதே தொகுப்போரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் இசைக்கலைஞர் ஒருவரிடம் இசைவு பெற்று, மூன்று நிமிட ஆவணப்படம் ஒன்றை உருவாக்குக.
2. ஒருவரின் ஐந்து நிமிட நேர்காணலைப் பொருள் மாறாமல் ஒரு நிமிடமாகத் தொகுத்து, அவரிடம் காட்டிக் கருத்தைப் பெறுக.
3. ‘சொற்களை மாற்றாமலே பொருளை மாற்றலாம்’ என்னும் கருத்தைப் பாடப்பகுதியைக் கொண்டு விளக்குக.